காதர் பாய் வயலில் எலி பிடித்த வருஷம்

எலி பிடிக்கிறவனுக்கு எலியால் தொந்தரவு கிடையாது. எலி பிடிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களால்தான் தொந்தரவு. குடவாசல் பக்கத்து வயல்களில் மூங்கில் கிட்டி வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். வேலை கொடுக்கிறவர் சொல்லுக்குத் தலையாட்டிப் பிழைத்த யாருக்கும் என் பாடு புரியும். பட்டதை எல்லாம் சொல்ல இடம் போதாது. காதர் பாய் வயலில் ஒரு சம்பா பருவம் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

மஸ்கட்டில் லாரி ஓட்டிச் சேர்த்த காசில் பாய் வாங்கிய நிலம் அது. அந்தச் சம்பா வீடு வந்து சேர்ந்தால் ஊரோடு இருந்துவிடுவது, இல்லையென்றால் மறுபடியும் விமானம் ஏறுவது என்று புருஷனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். ஏஜெண்டு வேறு கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அடிக்கடி போன் போட்டு, விசா தயார் என்று அரித்துக்கொண்டிருந்தான்.

வரப்பு

நடவுக்கு முன் எல்லோரும் வரப்பைச் செதுக்கி ஒல்லியாக்குவார்கள். ஒல்லி வரப்பில் எலி வளை தோண்ட முடியாது. பாய் மட்டும் ஆள் விட்டு மண் அணைத்து அகலமாக்கினார், மோட்டார் சைக்கிளில் வயலைச் சுற்றிவர. எலிக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வண்டியை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"அரபிக்காரன் பாலைவனத்துலயே ரோடு போட்டிருக்கான். நம்ம வயலுக்குள்ள ஒரு பைக் போக வேணாமா?"

சாரை

எலி வந்து குடியேறியது. நானும் கிட்டி வைத்தேன். வளைத்த மூங்கில், ஒரு சுருக்கு, உள்ளே கொஞ்சம் பொரி, அவ்வளவுதான் கிட்டி. ஆனால் வெளியே நடமாடுகிற எலிதான் அதில் விழும். வளைக்குள் புகுந்து குட்டியோடு முழுங்குவது சாரைப்பாம்பு ஒன்றுதான். அந்த வரப்பிலும் ஒரு சாரை இருந்தது. அது உள்ளே, நான் வெளியே என்று பாகம் பிரித்துக்கொண்டு, ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல் வேலை பார்த்துவந்தோம்.

ஒரு நாள் காலையில் போனால், அதை அடித்து வேலியில் தொங்கவிட்டிருக்கிறது. களை பறிக்க வந்த பெண்கள் பயப்படுகிறார்கள் என்று பாயே தடியெடுத்திருக்கிறார். பாதி எலியை அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது, உங்களிடம் ஒரு டீகூடக் கேட்கவில்லையே என்றேன். அவருக்கும் சங்கடமாகிவிட்டது.

"சரி விடுங்க. அடுத்த பாம்பு வந்தா உங்களைக் கேட்டுட்டே அடிக்கிறேன்."

மருந்து

சாரை போனபின் வளை பெருகியது. பாய் என்னிடம் சொல்லாமல் கடையில் எலி மருந்து வாங்கிக் கருவாட்டில் கலந்து வைத்துவிட்டார். முதலில் தின்ற நாலைந்து எலி செத்தது. மற்றவை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விட்டன. எலிக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. செத்த எலியைத் தின்ற வீட்டுப் பூனை கொல்லையில் விறைத்துக் கிடந்தது. அவர் மனைவி மும்தாஜ் அன்று அவரோடு பேசவில்லை. பாய் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் எலிக்குத்தானே வெச்சேன்?"

ஆந்தை

பயிர் பொதி கட்டியது. தண்டுக்குள் கதிர் உருண்டு, கடித்தால் இனிக்கிற சமயம். வாயருகே அது நிற்கும்போது என் பொரியை எந்த எலி சீந்தும்? கிட்டியெல்லாம் காலியாகக் கிடந்தன. தினமும் காலையில் வயலின் நடுவில் வட்ட வட்டமாகப் பயிர் சாய்ந்து கிடக்கும். பாய் மோட்டார் சைக்கிளில் சுற்றுவதை நிறுத்திவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இனி ஆந்தைதான் கதி என்றேன். நடுவயலில் தென்னை மட்டைகளை நட்டு வைத்தால், ஆந்தை அதில் உட்கார்ந்து எலியைப் பார்த்துப் பாயும். சேற்றுக்குள் நான் போக முடியாத இடமெல்லாம் அதன் இடம்.

மும்தாஜ் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வயலை ஒட்டினாற்போல் இருந்தது. பாய் மஸ்கட்டில் இருந்த வருஷங்களில் கூரைப் பக்கம் ஆந்தை கத்தினால், சாக்குருவி கத்திவிட்டதே என்று, அவரிடமிருந்து போன் வரும்வரை அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்காதாம். என் மனைவி கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நானும் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவன்தான். அதனால் நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் பாய் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏஜெண்டைப் பார்க்கக் கிளம்பினார். வாசலில் நின்று பார்த்த மும்தாஜ் கொல்லைப் பக்கம் போனாள். காய்ந்த தென்னை மட்டை இரண்டை இழுத்து வந்து என் காலடியில் போட்டாள். பாய் வண்டியை அணைத்துவிட்டார். மும்தாஜ் என்னிடம் சொன்னாள்.

"ஆந்தை கத்துனா எனக்கு இப்பவும் பயந்தாண்ணே. அவரு பக்கத்துல இருந்தா பயந்துட்டுப் போறேன்."

மட்டைகளை நட்டேன், ஆந்தைகள் வந்தன, சாய்ந்தது போக மிச்சம் களத்துக்கு வந்தது, பாய் ஊரோடு தங்கிவிட்டார். மறுவருஷம் ஆந்தையே போதும் என்று அந்த வயலுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதால், தன் பிழைப்பைத் தட்டிப் பறிக்க வந்தவனுக்கு உட்காரும் இடத்தையும் தானே நட்டுக் கொடுத்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.