அப்பாவின் உயரம்

எங்கள் மாதா கோவில் பங்கில் அப்பாவைவிட உயரமான ஆள் இல்லை என்பது, ஏழு வயதில் எனக்கு விசுவாசப் பிரமாணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. திருவிழாவன்று மாதாவின் சிலை வைத்த சுருபக்கூட்டைத் தோளில் தூக்கும் எட்டுப் பேரில் அவர் முன்வரிசைக்காரர். கடற்கரைத் தெருக்களில் மாலை வெளிச்சம் தணிகிற வேளையில், தலைகளுக்கும் மெழுகுதிரிகளுக்கும் மேலே மாதா மிதந்து வருவார். அவரைத் தாங்குவது என் அப்பாவின் தோள் ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு அப்பாவுக்கு இணையாகக் கூட்டின் முன்தடி பிடிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கோவில் மூப்பர் அந்த இடத்தில் சித்தப்பாவை நிறுத்தினார். சித்தப்பா அப்பாவின் தோளளவுதான் இருப்பார். போதாததற்கு, இருவரும் ஓராண்டாகப் பேசுவதில்லை. ஒரு படகு எஞ்சினில் தொடங்கிய சண்டை. எஞ்சின் கைமாறிப் போன பின்னும் சண்டை மட்டும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“மூத்தவன் நான். உவன் வந்து கதைக்கட்டும்” என்பார் அப்பா.

“சந்தியிலை வைச்சுக் கட்டையன் எண்டு சொன்னவரெல்லோ, அவர் வரட்டும்” என்பாராம் சித்தப்பா.

ஞாயிறுதோறும் பூசையில் இருவரும் தவறாமல் நற்கருணை வாங்கினார்கள்.

கூடு தோளேறியது. அப்பா வழக்கம்போல் நிமிர்ந்து நின்றார். கூடு சித்தப்பாவின் பக்கம் சாய்ந்து, பாரமெல்லாம் அவர் தோளில் இறங்கியது. மாதாவின் முடியிலிருந்து மல்லிகைச் சரமொன்று நழுவி விழுந்தது.

“மாதா சரியிறா! மெள்ளப் பிடியுங்கோ!” என்று மூப்பர் கத்தினார்.

மெழுகுதிரியோடு பக்கத்தில் நடந்த எனக்குப் பெரியவர்களின் முகங்கள் தெரியவில்லை, கால்கள் தெரிந்தன. சித்தப்பா நுனிக்காலில் எழும்பி நடந்தார். வெறுங்குதிகள் மணலைத் தொடாமல் நடுங்கின. பத்தடி, இருபதடி. பிறகு, கனவில் நிகழ்வதுபோல, அப்பாவின் முழங்கால்கள் மெல்ல மடங்கத் தொடங்கின.

“அப்பா, நிமிந்து நடவுங்கோ! எல்லாரும் பாக்கினம்!” என்று கூவினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

“குதியைக் கீழை வையடா, தம்பி” என்றார், முன்னே பார்த்தபடியே.

சித்தப்பாவின் குதிகள் மணலில் இறங்கின. மாதா நேரானார். கோவிலுக்குத் திரும்பும்வரை, அத்தனை தெருவும், அப்பா மடங்கிய கால்களோடே நடந்தார்.

அன்று சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

“அண்ணை, மீன்தலையை நீங்கள் எடுங்கோ.”

“விசர்க்கதை கதையாமல் நீ தின்னடா.”

அம்மா சிரித்துக்கொண்டே அப்பாவின் முழங்காலுக்கு எண்ணெய் சூடாக்கினார். நான் மட்டும் அந்தப் பந்தியில் இல்லை. அறைக்குள் மாதா படத்தின் முன் முழந்தாளிட்டு, தெருவில் குறைந்துபோன அப்பாவின் உயரத்தைத் திருப்பித் தரும்படி அழுதழுது மன்றாடிக்கொண்டிருந்தேன். மாதா, எப்போதும்போல, கண்களைத் தாழ்த்தியே இருந்தார்.