சிக்னல் இல்லாத சுரங்கம்

அமெரிக்க ஊரான ரவுண்ட் ராக்கில் புதிதாக வந்திறங்கும் தமிழ்ப் பையன்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருவது ஹாமித் பாயின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. அவருடைய பழைய வேனின் பின்பக்கத்தில் ஒரு மெத்தையும் குக்கரும் எப்போதும் கிடக்கும். வந்தவன் அவற்றை முதல் சம்பளம் வரும்வரை வைத்துக்கொண்டு, அடுத்து வருபவனுக்குக் கைமாற்ற வேண்டும்.

என்னையும் அப்படித்தான் அழைத்து வந்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்று வழியெல்லாம் பெருமையடித்தேன்.

"சூப்பர்டா கிட்டு. ஃபர்ஸ்ட் டிரைவிங் கத்துக்க. டிகிரிய வெச்சு ஃப்ரீவேல போக முடியாது" என்றார். கீழக்கரைக்காரர், சென்னையில் வளர்ந்தவர். அவர் வேனில்தான் ஓட்டப் பழகினேன். இடது கதவில் இருக்கும் நசுங்கல் என்னுடையது.

போன பிப்ரவரியில் பாய்க்கு வேலை போனது. விசா தரும் கெடுவுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டும். அவருக்கும் மனைவி நதாவுக்கும் இது தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த மகள் அமலுக்கு மட்டும் சொல்லவில்லை.

கடைசி இன்டர்வியூவின் முடிவை ஒரு வியாழக்கிழமை போனில் சொல்வதாக இருந்தார்கள். அன்று காலை பாய் என்னைக் கூப்பிட்டார்.

"லீவ் போடு. சிக்னல் வராத எடத்துக்குப் போலாம்."

"போன் வர்ற நாள்லயா பாய்?"

"வீட்ல இருந்தா நதா போனப் பாக்குறா, நான் நதாவப் பாக்குறேன். ஸ்பிரிங் பிரேக் லீவு, அமலும் வர்றா. நடக்குறப்போ அவகிட்ட மேட்டரச் சொல்லிடுறேன்."

போன இடம் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கம். அரசாங்கம் கைதிகளைக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்ட காலத்தது. வேனை நிறுத்திவிட்டு முள்மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் நடக்க வேண்டும். அமல் முன்னால் போனாள். பாய் அவளை அடிக்கடி கூப்பிட்டார். அவள் திரும்பும்போதெல்லாம் "தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு என் பக்கம் சாய்ந்து, "வாடகைக்கு விட்டாங்களாம். நம்ம கதைதான்டா. நம்மளையும் கிளையன்ட்டுக்கு விடுறாங்க. விசாதான் விலங்கு" என்றார். ஆபீஸில் நாங்கள் எல்லோரும் அடிக்கிற ஜோக். சிரித்தேன்.

சுரங்கத்தின் வாயைக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. பக்கத்தில் கூரை போன ஒரு கல் அறை. வேலை செய்ய மறுத்தவர்களைப் பூட்டிய இடம் என்றது அறிவிப்புப் பலகை. பெரும்பாலும் கறுப்பினத்தவர், அபராதம் கட்ட வழியில்லாமல் மாட்டியவர்களும் உண்டு.

பாய் குனிந்து உள்ளே போனார். சுவரில், முழங்கால் உயரத்தில், ஓர் இரும்பு வளையம். விலங்கை அதில்தான் பூட்டுவார்களாம். தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. துஆ கேட்கிறார், அவர்களுக்காகப் பிரார்த்திக்கிறார் என்று புரிந்து நான் வாசலிலேயே நின்றேன்.

வெளியே வந்ததும், "அந்த ஜோக்க இனிமே சொல்லாதடா" என்றார்.

"நீங்கதானே பாய் சொன்னீங்க?"

"எனக்கும் சேத்துதான் சொல்றேன்."

அமல் பலகையைப் படித்து முடித்திருந்தாள். "தே குடன்ட் லீவ், வாப்பா" என்றாள். "வி கேன். இந்தியாவுக்குத்தானே? ஐ நோ."

பாய்க்கு முகம் மாறியது. "யாரு சொன்னா?"

"நீங்களும் உம்மாவும்தான். யூ கைஸ் விஸ்பர் ஸோ லவுட்." பிறகு, "கேன் மிளகு கம்?" என்று கேட்டாள். மிளகு அவர்கள் வீட்டுக் கறுப்புப் பூனை. அதைக் கேட்கும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

சரிந்து கிடந்த செங்கல் மேட்டில் பாய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வழியெல்லாம் சொல்லாமல் விட்டதை முழுசாகச் சொன்னார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வேனில் ஏறியதும் சிக்னல் வந்து பாயின் போன் சிணுங்கியது. வாய்ஸ்மெயில். தனியாகப் போய்க் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். ஃப்ரீவே ஏறியதும் பாய் என்னிடம் கேட்டார்.

"கிட்டு, ஃப்ளைட்ல பூனைய ஏத்துவாங்களாடா? கூகுள் பண்ணு."

பார்த்தேன். "ஏத்துவாங்க பாய். ஊசி போட்ட சர்ட்டிபிகேட், டாக்டர் லெட்டர், பர்மிட்னு ஏகப்பட்டது கேக்குறாங்க."

"பரவால்ல. விசாவுக்கு நம்மகிட்ட கேட்டதவிடக் கம்மிதான்" என்றார்.

பின்சீட்டில் அமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.