உப்பில்லாத தாறாவுக் கறி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெருவழியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஜெய்சன் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருந்தான். கடை என்றால் அவனுக்குக் கோபம் வரும். ரெஸ்டாரன்ட் என்று சொல்ல வேண்டும். கப்பலில் சமைத்துவிட்டு வந்தவன். பெரிய வெள்ளைத் தட்டு, நடுவில் கொஞ்சமே கொஞ்சம் சாப்பாடு. ஊர்க்காரர்கள் வாசலில் நின்று விலைப்பட்டியலைப் படித்துவிட்டுப் பக்கத்துப் புரோட்டாக் கடைக்கு நடந்தார்கள். ஈஸ்டர்வரை பார்ப்பது, பிறகு மூடிவிட்டுக் கப்பலுக்கே போவது என்று அவன் தீர்மானித்திருந்தான்.

சமையல் மார்கிரெட்டின் கையில். குளத்தூர்க் கடற்கரைக்காரி, வயது ஐம்பத்து மூன்று. கல்யாண வீடுகளில் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். கறி கொதிக்கிற நேரத்தில்கூட எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். அவள் வைக்கிற தாறாவுக் கறிக்கு, அதாவது வாத்துக் கறிக்கு, கடலோரம் முழுக்கப் பேர் உண்டு. அந்தப் பேரை நம்பித்தான் ஜெய்சன் அவளை அழைத்து வந்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவள் இறைச்சி சாப்பிடமாட்டாள், ருசி பார்க்கவும் மாட்டாள். இறைச்சி வெட்டுகிற சுயம்புதான் அவளுக்குப் பதில் உப்பு பார்ப்பான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சிவராத்திரியாகவும் அமைந்துவிட்டது. சுயம்பு காவி கட்டி, கையில் விசிறியோடு, பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிற சிவாலய ஓட்டத்துக்குப் போய்விட்டான். பரிமாறுகிற இருவரும் விரதம். ஜெய்சனுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது. நான்கு நாக்கு இருந்தும் அன்றைக்கு அந்தக் கறியைத் தொட ஒரு நாக்கு இல்லை. எல்லாம் பரிமாறி முடிந்த பிறகுதான் மார்கிரெட் பார்த்தாள்: அளந்து வைத்த உப்பு கிண்ணத்தில் அப்படியே இருந்தது.

யாரும் குறை சொல்லவில்லை. ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஜெயச்சந்திரன். திருவனந்தபுரத்துப் பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர். யாரென்று சொல்லாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர், ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு குருத்தோலை ஞாயிறன்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். உப்பைத் துறக்கும் துணிவு நம் சமையற்காரர்களுக்கு இதுவரை வந்ததில்லையாம். மார்கிரெட் என்ற இந்தப் பெண்மணியின் கையில் தாறாவு முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசுகிறதாம். தாறாவு என்ன பேசியது என்று மட்டும் அவர் எழுதவில்லை.

அச்சில் தன் பெயரைப் பார்த்ததும் மார்கிரெட் அந்தப் பக்கத்தை மடித்து அரிசி மூட்டைக்கு அடியில் செருகினாள். அன்றைக்கே கார்கள் வரத் தொடங்கின.

“சேச்சி, இனி தாறாவுக்கு உப்பு வேண்டாம். அதாக்கும் நம்ம ஸ்டைல்” என்றான் ஜெய்சன்.

“மக்கா, ஒரு காரியம் சொல்லணும்.”

“பிறகு சொல்லுங்க. நாகர்கோவில்ல இருந்து எட்டுப் பேரு வாறாங்க.”

அந்த வாரம் முழுக்க அவள் சொல்லப் போவதும் திரும்புவதுமாக இருந்தாள். அவன் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்திருந்தது. அதைக் கெடுக்க வாய் வரவில்லை. தெரிந்தே உப்பில்லாமல் ஆக்கி அனுப்புவது திருட்டு மாதிரி அவளை அரித்தது. மாதா கோயிலில் பெண்கள் கையைப் பிடித்து வாழ்த்தினால் வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

ஈஸ்டர் மதியம் ஜெய்சன் அவள் புருஷன் கிரகோரியை விருந்தாளியாக அழைத்திருந்தான். கிரகோரி இன்னமும் கடலுக்குப் போகிறவர். சலவைச் சட்டை போட்டு, கார்க்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தட்டைக் காலி செய்தார். மார்கிரெட் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் எழுந்து வந்து அவளைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போனார். முகம் வெளுத்திருந்தது.

“மார்கிரெட்டே, எனக்க நாக்கு போச்சுன்னு தோணுது” என்றார். “எல்லாரும் நல்ல ருசி, கொள்ளாம்னு தின்னுதாங்க. எனக்கு உப்பே தெரியல்ல. பாலையனுக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு.”

பாலையன் அவரோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர். வாயில் புற்று வந்து, போன வருஷம் செத்தார். கடைசி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது கிரகோரிதான்.

“ஆருட்டயும் சொல்லாத. நாளைக்கு டாக்டரப் பாக்கலாம்” என்றார்.

மார்கிரெட்டுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “உங்க நாக்குக்கு ஒண்ணுமில்ல. கறியிலதான் உப்பில்ல.”

“பேப்பர்ல போட்டிருக்கே?”

“அந்த ஆளு வந்த அன்னைக்கு நான் உப்பு போட மறந்துட்டேன். அவ்வளவாக்கும்.”

பின்னால் வந்து நின்ற ஜெய்சன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். “சேச்சி, பைய பேசுங்க. உள்ள ஆளு இருக்கு.”

“நீயும் கேட்டுக்க மக்கா. எனக்க கறிக்கு உப்பு உண்டு. இனி போடுவேன். வேண்டாம்னா வேற ஆளப் பாரு.”

அவள் உள்ளே போய்ப் பானையில் உப்பைப் போட்டுக் கிளறினாள். ஜெய்சன் தடுக்கவில்லை. ஒரு கொதி வந்தது. பிறகு அவள் ஒரு துண்டை எடுத்து ஊதி, புருஷன் வாயில் வைத்தாள்.

கிரகோரி மெதுவாக மென்றார். விழுங்கினார்.

“உப்பு உண்டு” என்றார். பின்வாசல் படியில் அப்படியே உட்கார்ந்து, சலவைச் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.