திரும்பி வந்த சக்கர நாற்காலி

பவானிபூரில் தமிழர்கள் நடத்தும் சேவைச் சங்கத்துக்கு அன்று பொன்விழா. நோயாளிகளுக்கு இரவல் தரும் அவர்களது சக்கர நாற்காலி ஒன்று என் வீட்டில் இருந்தது. கணவர் இறந்த பிறகும் திருப்பித் தர மனம் வரவில்லை. அன்றுதான் தள்ளிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே, பக்கவாதத்தில் விழுந்த தன் கணவருக்கு நாற்காலி கேட்டு ஒரு வங்காளிப் பெண் காத்திருந்தாள். சங்கத்துக்காரர் நாற்காலியை அப்படியே அவளிடம் கொடுத்தார். அது திரும்பி வந்ததே அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டிருக்க வேண்டும்.

“தீதி, உங்க வீட்டுக்காரர் இப்ப நல்லா நடக்கறாரா?” என்று வங்காள மொழியில் ஆவலாகக் கேட்டாள்.

உள்ளே வாழ்த்துரை ஓடிக்கொண்டிருந்தது.

“நடக்கறாரும்மா. காலையில பால் வாங்கப் போறதே அவர்தான்.”

அவள் முகம் மலர்ந்தது.

அவர் போன பிறகு, அழாமல் அவரைப் பற்றி நான் பேசியது அன்றுதான். மறுநாள் காலை, பால் பூத் வரிசையில் நிற்கும்போது உடைந்துவிட்டேன்.