கற்பூரத்தில் அடித்த சத்தியம்

அன்று அம்மன் கோயில் முன்மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர், பூசகர், என் அம்மா, நான், என் தம்பி. ஆறாவதாகக் கோயில் அம்மாளும் இருந்தாள் என்று அம்மா சொல்வாள். அம்மாளை நான் இதில் இழுக்க மாட்டேன். செய்ததெல்லாம் மனிதர்கள்.

தம்பி வாழைச்சேனையில் ஆழ்கடல் படகுக்குப் போய்வந்தவன். அங்கே பழகிய ஹெரோயின் தூளை வீடுவரை கொண்டுவந்து சேர்த்தான். அம்மாவின் காப்பு போனது, என் தையல் மெசின் அடகுக்குப் போய்த் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். களவெடுத்தவன், குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், யாராயிருந்தாலும் அம்மாளுக்கு முன் நிறுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வைப்பார்கள். அணைத்தால் சத்தியம். முறித்தால் அந்த வீடு கோயிலுக்குத் தெண்டம் கட்ட வேண்டும். கட்டும்வரை வருடாந்தச் சடங்கில் அந்த வீட்டிலிருந்து படையல் வைத்துக் கொண்டுவரும் மடைப்பெட்டியை வாங்க மாட்டார்கள்.

"அடி மனே. ஒரே அடி. இதோட எல்லாம் முடிஞ்சுது" என்றார் வண்ணக்கர்.

தம்பி அடித்தான். அம்மா அழுது கும்பிட்டாள். வண்ணக்கர் அவன் முதுகில் தட்டி, "இனி இவன் எண்ட பொறுப்பு" என்றார். பிறகு ஒருநாளாவது எங்கள் படலையைத் திறந்து அவனை விசாரித்தாரா என்று கேட்காதீர்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் பயப்படுவதற்குப் படிப்பு வேண்டாம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். தம்பி சும்மா இருந்தாலும் பயம், சிரித்தாலும் பயம். அதனால்தான், நூலகக் கட்டடத்தில் சுகாதாரப் பகுதி மிஸ் ஒருவர் தூள் பழகியவர்களின் குடும்பக்காரருக்கு வகுப்பு வைக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

சந்தியில் ஆட்டோக்காரன் ஒருவன் நின்று, "என்னகா, தூள் கிளாசுக்கா? பாஸ் பண்ணினா சேட்டிபிகட் குடுப்பாங்களா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுடைய மச்சானும் அதே தூளில்தான் கிடக்கிறான். சிரித்தவர்கள் வீட்டிலும் ஒவ்வொருவன் கிடப்பது எனக்குத் தெரியும். வகுப்புக்கு வந்ததோ நாங்களும் இன்னும் மூன்று பெண்களும்தான். ஆண் ஒருவர் இல்லை.

அம்மா முதலில் கேட்டாள். "அடிச்சாத் திருந்துவானா மிஸ்?"

"அடிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"அடிக்காத நாள் இல்ல."

"மறுகா என்னத்துக்கும்மா என்னட்டக் கேக்கிறீங்க?"

அம்மாவே சிரித்துவிட்டாள். கற்பூரச் சத்தியத்தைப் பற்றிச் சொன்னபோது மிஸ் சிரிக்கவில்லை. சத்தியம் பண்ணினவன் ஒருமுறை வழுக்கினால் யாரிடமும் சொல்ல மாட்டான், ஒளித்துத்தான் எடுப்பான் என்றார். கொஞ்சக் காலம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, தனியாக, கதவைப் பூட்டிக்கொண்டு எடுப்பவன்தான் சாகிறான் என்றார். குறட்டை மாதிரி இழுப்பு, நீலம் பாரித்த உதடு, எழுப்பினால் எழும்பாமை, இவற்றைக் கண்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், சரித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தம்பியின் அறைக் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஆணி துருப்பிடித்திருந்தது, கை கிழிந்தது.

"சத்தியம் பண்ணினவனை நம்பேலாதா உனக்கு?" என்று தம்பி கத்தினான்.

"உன்னை நம்புறன். கதவைத்தான் நம்பல்ல."

அம்மா என்னுடன் கதைக்காமல் விட்டாள். அம்மாளின் சத்தியத்தையே நான் சந்தேகப்படுகிறேனாம்.

அது நடந்தது ஒரு மத்தியானம். நான் சட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் அறையில் குறட்டை. பகலில் தூங்குகிறானே என்று அம்மாவுக்குச் சந்தோசம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. கதவைத் தள்ளினேன், திறந்தது. உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி. பாயில் ஈயப்பேப்பர், பக்கத்தில் மாத்திரை அட்டை.

அம்மா அவன் வாயில் ஊற்றத் தேசிக்காயும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் அம்மாவின் கையைத் தட்டியது அன்றுதான். அவனைச் சரித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸுக்கு எடுத்தேன். இடையிடையே அவன் மூச்சு நின்று நின்று வந்தது. நான் அவன் பேரைச் சொல்லிச் சொல்லி முதுகைத் தேய்த்தேன்.

அம்புலன்ஸ் வந்தபோது வாசலில் சனம். "என்ன எடுத்தவர்?" என்று வந்தவர் கேட்டார்.

"வலிப்பு, மகன். சின்னனில இருந்து வலிப்பு" என்றாள் அம்மா. பொலிசுக்குப் பயம், சனத்துக்குப் பயம், தெண்டத்துக்குப் பயம்.

"பொய். தூள் எடுத்திருக்கான். மாத்திரையும் போட்டிருக்கான். இந்தா அட்டை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சனம் முழுவதும் கேட்டது.

தம்பி பிழைத்தான். உண்மையைச் சொன்னதால் உடனே உரிய மருந்து போட முடிந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் கண் திறந்ததும் கேட்டது, "சத்தியம் முறிஞ்சது ஊருக்குத் தெரியுமா?" என்றுதான். செத்துப் பிழைத்தவனின் முதல் கேள்வி அது! எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கற்பூரத் தட்டை எடுத்து எறிய வேண்டும்போல் இருந்தது.

அவன் வீட்டுக்கு வருமுன்னே தெண்டம் வந்துவிட்டது. இருபத்தையாயிரம் ரூபா. தூள் விற்கிறவன் யார் என்று ஊருக்கே தெரியும். போன சடங்கில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவன் அவன். ஒலிபெருக்கியில் அவன் பெயரை மூன்று தரம் வாசித்தார்கள். அவனை யாரும் கற்பூரத்துக்கு முன் நிறுத்தவில்லை.

தம்பி இப்போது கிளினிக்குக்குப் போகிறான். எங்களுக்குள் சத்தியம் கிடையாது. போன மாதம் ஒருநாள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, நேத்துத் தொட்டுட்டன்."

மெசினை நிறுத்தாமல், "தனியவா?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அடுத்தமுறை மனம் போகக்குள்ள வந்து சொல்லு. தொட்டதுக்குப் பிறகு இல்ல."

"ஏச மாட்டியா?"

"ஏசுவன். ஏசிப்போட்டு உனக்குப் பக்கத்தில இருப்பன்."

சடங்கு நெருங்கியதும் வண்ணக்கர் படலையில் வந்து நின்றார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அம்மா தோட்டை அடகு வைத்து ஐயாயிரம் கட்டியிருக்கிறாள்.

"மிச்சத்தைக் கெதியாக் கட்டு புள்ள. உண்ட அம்மா மடைப்பெட்டி கொண்டுவர வேணுமெல்லோ."

"மாமா, இவன் உங்கட பொறுப்பு எண்டு சொன்னீங்க. அவன் மூச்சில்லாமக் கிடக்கக்குள்ள எங்க நிண்டீங்க?"

"அது வேற கத."

"எனக்கு அது ஒண்டுதான் கத. போன மாசமும் தொட்டவன். அவனாவே வந்து சொன்னவன். அதுக்கும் தெண்டம் இரிக்கா?"

அவர் படலையை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். உள்ளே அம்மா கழுவித் துடைத்து வைத்த மடைப்பெட்டியை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காக நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் கட்ட மாட்டேன். கட்டினால், இனி வழுக்குகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒளித்துத்தான் எடுப்பான். கோயில் கணக்கில் எங்கள் வீட்டின் பெயரில் இன்னும் நிற்பது இருபதாயிரம் ரூபா.