உலைக்குழாயில் மூன்று பட்டை

கோபக்காரன் என்று பெயரெடுக்க எனக்கு வெகுநாள் ஆசை. தைரியம்தான் கூட வரவில்லை. நெய்வேலியில் கெமிஸ்டாக இருந்தபோது அந்த ஆசை ஒருமுறை நிறைவேறப் பார்த்தது.

எங்கள் லேப்பில் பழுப்பு நிலக்கரியை எரித்துச் சோதிக்கும் உலைக்குள் ஒரு சிலிக்கா குழாய் இருந்தது. கண்ணாடி போன்றது, கடல் கடந்து வந்தது. ஆயுத பூஜை முடிந்த வாரம் அதன்மேல் வெள்ளை பூத்தது. அடுத்த வாரம் உடைந்தது.

"அட்டெண்டர் மணலைப் போட்டுத் தேய்ச்சிருக்கான். அத்தனையும் கீறல்" என்றார் அதிகாரி. அட்டெண்டர் பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்துக்காரர், என்னைவிட மூத்தவர், வருடக்கணக்காகக் கான்ட்ராக்ட். அவரைப் பர்மனென்ட் ஆக்கும் காகிதம் அந்த மாதம்தான் அதிகாரியின் மேசைக்கு வந்திருந்தது. அதை நிறுத்திவிட்டார்.

"துணியாலதாங்க சார் தொடச்சிக்கினு இருந்தேன். மண்ணு எங்க போட்டேன்?" என்றார் அட்டெண்டர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அறிவியலே வந்து சாட்சி சொல்லட்டும் என்று, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் பார்க்கும் வெளியூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு உடைந்த துண்டை அனுப்பினேன். வெறும் கண்ணாடியென்றால் போட்டோ தகட்டில் மங்கலான வளையம் விழும். படிகம் இருந்தால் கூரான வளையங்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூரான வளையங்கள்! கீறல் இல்லை, மேல்தோல் மட்டும் படிகமாகியிருக்கிறது. சாம்பல் மாதிரி ஏதாவது பட்டு, அதோடு சூடேறினால் இப்படி ஆகுமாம். கடைசி வரி: வெண்மை மூன்று பட்டைகளாகத் தொடங்கியிருக்கிறது.

ஆயுத பூஜையன்று அந்தக் குழாய்க்கு மூன்று விரலால் திருநீறு பூசி, அப்படியே உலையில் மாட்டியவன் நான். துடைக்க வந்த அட்டெண்டரை, "சாமி காரியம், கை வைக்காதீங்க" என்று அதட்டியவனும் நான். படித்தது வேதியியல்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுபோய் அதிகாரியிடம் நீட்டினேன். "பக்தியில பண்ணினதுக்கு எதுக்கு லெட்டர்? கிழிச்சுப் போடுங்க" என்றார்.

"அவரோட ஆர்டர்?"

"அது போன மாசமே திருப்பி அனுப்பியாச்சு. அவன் கவனமா இருந்திருக்கணும்."

நான் பூசினால் பக்தி. அவர் பூசாதது கவனக்குறைவு! மேசையைக் குத்தியிருக்க வேண்டும். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் வீரத்தின் உச்சம் அதுதான்.

அட்டெண்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியுங்க சார். நீங்க பட்டை போட்ட எடத்துலதான் வெள்ள பூத்துது. பாத்துக்கினுதான இருந்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கத்தினேன், அவரிடம்தான் என்னால் கத்த முடிந்தது.

அவர் துடைக்கும் துணியை உதறினார். "பர்மனென்ட் ஆள காட்டிக் குடுத்துட்டு, நான் எப்பிடிங்க சார் பர்மனென்ட் ஆவுறது?"