வெளிய இருக்கியா?

சங்கு அக்காவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள் நான்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலை அது. நடுவில் ஓர் அறை அளவுக்கு இரும்பு டிரம். துணி சிக்கினால் எங்களில் ஒருத்தி உள்ளே நுழைந்து இழுத்துப் போட வேண்டும். அதனால் விசையைத் தொடும் முன் அக்கா ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவாள். ஆலைச் சங்கே தோற்றுப்போகும் குரல்.

"நெட்டை, வெளிய இருக்கியா?"

"வெளிய இருக்கேன்க்கா."

அடுத்து சோடாபுட்டி. அது நான். கடைசியில் தும்பி. எலும்பும் தோலுமான பெண்; டிரம்முக்குள் போவது பெரும்பாலும் அவள்தான். "உள்ள இருந்தா இல்லேன்னா சொல்லுவேன்?" என்று கிண்டலடித்துவிட்டுத்தான் பதில் தருவாள்.

அக்கா காய்ச்சலில் படுத்திருந்த நாளில் மேஸ்திரி விசையைப் போட்டார். நானும் நெட்டையும் சாப்பிடப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது டிரம் நின்றிருந்தது, தரையெல்லாம் கழுவி ஈரமாக இருந்தது. முதலாளி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள், தும்பி லாரி டிரைவரோடு ஓடிவிட்டாள் என்றார். கொல்லையில் கழிவுக் குழியின் மேல் புது சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது. தும்பியின் அம்மா முக்காடு போட்டுத்தான் தெருவில் நடக்க வேண்டியதாயிற்று.

அக்கா தேறி வந்தாள். நெட்டையைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிட்டாள். பிறகு, "தும்பி, வெளிய இருக்கியா?"

நீராவிக் குழாய் மட்டும் சொட்டியது. டிரம்மின் திறந்த வாயைப் பார்த்தபடி அக்கா காத்திருந்தாள். அதற்குள்ளிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கடைசியில் "பதில் வரல" என்று சொல்லி விசையைப் போட்டாள்.

தினமும் இதே கதை. முதலாளி வந்து, ஓடிப்போனவளை எதற்குக் கூப்பிடுகிறாய் என்று சத்தம் போட்டார். அலமாரிக்கு அடியில் கிடந்த தும்பியின் ஒற்றைச் செருப்பை அக்கா எடுத்து மேலே வைத்தாள்.

"ஒத்தைக் கால்லயாய்யா ஓடினா?"

வேலையை விட்டுத் துரத்திவிடுவேன் என்றார்.

"துரத்துங்க. வாசல்ல நின்னு கூப்பிடுறேன். என் தொண்டை உங்களுக்குத் தெரியும்ல."

துரத்தினார். அவளும் சொன்னபடி நின்றாள். மேஸ்திரி விசையில் கை வைக்கும் நேரம் பார்த்து, சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வரும். கூரைத் தகரம் அதிரும். டிரம்முக்குள் அது சுற்றிச் சுற்றி முழங்கும்போது, கூப்பிடுவது யார், எங்கிருந்து என்றே புரியாது. மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஒரு காலையில் அவர் விசையைப் போடவில்லை. குரல் அடங்கியதும் டிரம்மைப் பார்த்து, யாரோ அவர் வாயால் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார்.

"உள்ளதான் இருந்தா, அக்கா. நான் கூப்பிடல."

போலீஸ் வந்து குழியை உடைத்தது. ஆலை மூடியது. எங்கள் பிழைப்பும் போனது. அதற்காக அக்காவைத் திட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தும்பியை மேலே தூக்கியபோது அக்கா குழியோரம் குனிந்து, முதல் முறையாகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தும்பி, வெளிய வந்துட்டியா?"

தும்பியின் அம்மா முக்காட்டை எடுத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"வந்துட்டா."